எண் போட்ட முக்காலி

என் இரண்டு கண்ணும், வாயில் மிச்சமிருக்கிற பற்களும் சாட்சியாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நடுவில் சில இடங்களில் உங்களுக்குச் சந்தேகம் தட்டும். தட்டட்டும். பொய்தான் வழவழவென்று காதுக்குள் இறங்கும். உண்மைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு உண்டு.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் படம் எடுக்கிற வேலையில் ஒருவர் இருந்தார். படக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மனிதர்களைப் படம் எடுக்கிறவர் அல்ல. பானை, பூட்டு, தராசு, பல் போன சீப்பு, ராஜா உட்கார்ந்த நாற்காலி, ராஜாவின் செருப்பைத் துடைத்தவன் உட்கார்ந்த பலகை, இவைதான் அவர் கேமராவுக்கு முன்னால் வரும்.

அவர் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய்கள் ஓடும். மாடியில் யாராவது கை கழுவினால் முதலில் அவருக்குத்தான் தெரியும். சுவரிலிருந்து ஒரு சாம்பல் நிறத் தாள் வளைந்து இறங்கி மேசையை மூடியிருக்கும். மேசை நடுவில் சுழலும் பலகை. இரண்டு பக்கமும் விளக்கு. பொருளை வைத்து, பக்கத்தில் சின்னதாக ஓர் அளவுகோல் வைத்து, ஒரு படம் எடுப்பார். பலகையை விரற்கடை அளவு திருப்பி இன்னொரு படம். முழுச் சுற்று முடிந்ததும் பொருளைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கமும் ஒரு சுற்று. அப்புறம் கணினி அந்தப் படங்களையெல்லாம் ஒன்றோடொன்று தைத்து, பொருளை அச்சு அசலாக எழுப்பி நிறுத்திவிடும். எந்த ஊரில் இருப்பவரும் வீட்டிலிருந்தபடியே விரலால் உருட்டி உருட்டிப் பார்க்கலாம்.

"பொருளைப் பாக்கக் கூடாது. வெளிச்சம் எப்படி விழுதுன்னுதான் பாக்கணும். பொருளைப் பாத்தா வேலை கெட்டுடும்" என்பார் படக்காரர். ஒருநாள் காலையில் ஒரு கிரீடத்தையும் ஒரு எலிப்பொறியையும் அடுத்தடுத்து எடுத்தார். சாயங்காலம் யாரோ விசாரித்தபோது, "ரெண்டும் பளபளன்னு இருந்துச்சு. பளபளன்னு இருந்தாலே தொல்லை" என்றார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அருங்காட்சியகத்தில் உள்ளதெல்லாம் இணையத்தில் திறந்துவிடப்படும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அதைப் போலச் செய்து விற்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். இதைக் கேட்டு ஆடிப்போனவர் வாசல் காவலாளிதான். காலமெல்லாம் "தொடாதே, படம் எடுக்காதே" என்று ஜனங்களை விரட்டியே குரல் உடைந்தவர் அவர். "அப்ப நான் இத்தனை வருஷம் யாரை, எதுக்குத் திட்டினேன்?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார்.

படம் எடுப்பதற்கு முன்னால் பொருளுக்கு எண் போட வேண்டும். அதற்கென்று ஒருவர் இருந்தார், எண்காரர். எறும்புக்கால் மாதிரி ஒரு தூரிகை வைத்திருப்பார். பொருளின் அடியில் வார்னிஷ் தடவி, காய்ந்ததும் அதன்மேல் பொடி எழுத்தில் எண்ணை எழுதுவார். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, தன் முன்னால் எது அசையாமல் இருந்தாலும் எண் போட்டுவிடுவார். ஒரு மத்தியானம் காவலாளி காலை நீட்டிக் கண்ணயர்ந்தபோது, அவர் இடது செருப்பின் அடியில் எண் விழுந்துவிட்டது. எண் விழுந்த பொருள் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனார். இடது செருப்பு இன்றைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. "உழைப்பாளியின் காலணி, ஒற்றை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன்.

இது வேலையிடம். இனி வீடு.

படக்காரர் வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். கீழே காற்றடிக்கிற சத்தம் மேலே வரைக்கும் கேட்கும். அவர் சம்சாரம் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கட்டில் விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் மேலங்கி எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் சுழன்று வரும். அவள் பிழிந்து, காயவைத்து, பெட்டி போட்டு, நான்காக மடித்து அடுக்குவாள். கை எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். தொழிற்பள்ளியில் தச்சுவேலை படிக்கப் போனாள். முதல் வருஷம் எல்லோரும் ஒரு முக்காலி செய்ய வேண்டும். இவள் செய்ததில் ஒரு கால் குட்டை. மூன்று கால் என்பதால் ஆடாது, ஆனால் சாய்ந்து நிற்கும். அதில் உட்கார்ந்தால் ஆள் மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டு வருவார். இருக்கையின் ஓரத்தில் பிறைநிலா மாதிரி ஒரு பள்ளம் வேறு. ஆப்பு அடிக்கும்போது சுத்தியல் தவறிப் பட்ட இடம் அது. வாத்தியார் பாஸ் போட யோசித்தாராம். "முக்காலி நேராத்தான் சார் இருக்கு. பள்ளிக்கூடத்துத் தரைதான் சரிவு" என்றாளாம் இவள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தபோதும் அதையேதான் சொன்னாள். அம்மா அடுப்புப் பக்கத்தில் அதைப் போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுவாள், வழுக்குவாள், திரும்ப ஏறி உட்கார்ந்து சீவுவாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். அந்த வாரக் கடைசியில் கட்டில் காலியானது. அந்தக் கட்டிலின் விரிப்பும் மற்ற விரிப்புகளோடு சலவைக்கூடத்துக்கு வந்தது. அம்மாவுக்கு விடுப்பு கொடுத்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். விரிப்புகளையெல்லாம் துவைத்து, மடித்து அடுக்கினாள். எது அந்த விரிப்பு என்று அவளுக்குத் தெரியாது.

அழுதார்களா என்றால், அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் எல்லாம் நடந்தது. டீ கொதித்தது. துணி காயாமல் கயிற்றில் தொங்கியது. மழை கொட்டவும் இல்லை, விடவும் இல்லை, தூறிக்கொண்டே இருந்தது. "சாவி எங்க", "கேஸ் தீரப்போகுது", "ஜன்னலைச் சாத்து" என்ற அளவில் இருவரும் பேசிக்கொண்டார்கள். படக்காரருக்குப் பெரிய வருத்தம் என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தன் கன்னம்தான் என்று தெரிகிறது, உணர்ச்சிதான் இல்லை.

காலையில் டீ போட அடுப்படிக்குள் போனால் அந்த முக்காலி நிற்கும். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி சாய்ந்து நிற்கும். ஒருநாள் அவர் அதைக் கேமராத் துணியில் சுற்றி, சம்சாரத்திடம் சொல்லாமல், பஸ்ஸில் மடிமேல் வைத்து வேலைக்குக் கொண்டுபோய்விட்டார். அறையில் மேசைக்கு அடியில் போட்டார். அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். டப்பா வழுக்கியது. ஒரு துணியை மடித்து முட்டுக்கொடுத்து வைத்தார்.

சம்சாரம் கொஞ்ச நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"முக்காலி எங்க?"

"எது?"

"வீட்ல எத்தனை முக்காலி இருக்கு?"

"வேலைக்கு எடுத்துட்டுப் போனேன். மேசை ஒசரம் பத்தல. பானை வைக்கறதுக்கு."

"பானை வைக்கறதுக்கு."

"ம்."

"சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

"நீ தூங்கிட்டு இருந்த."

"நான் எப்பங்க தூங்கினேன்?"

அவர் குடையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"நாளைக்குக் கொண்டாந்துடறேன்" என்றார்.

"சரி" என்றாள். கிழங்குத் தோல் அறுபடாமல் நீளமாக இறங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அறைக்குப் போய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். சாப்பாட்டு டப்பா தரையில் இருந்தது. முட்டுக்கொடுத்த துணி அதன்மேல் மடித்தபடி இருந்தது. எப்போதிலிருந்து டப்பா தரையில் இருக்கிறது என்று யோசித்தார். பிடிபடவில்லை. இணையத்தில் திறக்கிற நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று வண்டி வண்டியாகச் சாமான்கள் வந்து போன நாட்கள் அவை. எண்காரரிடம் போனார்.

"இங்க மேசைக்கு அடியில ஒரு முக்காலி இருந்துச்சே?"

"இருந்துச்சு. அருமையான சாமான். வண்டியிலேர்ந்து தவறி விழுந்து கெடந்திருக்கு பாவம், யாரும் கவனிக்கல. நான்தான் பாத்தேன்."

"பாத்து?"

"எண் போட்டாச்சு, படம் எடுத்தாச்சு, கிடங்குக்குள்ள போயாச்சு."

"படம் யாரு எடுத்தா?"

எண்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒடம்பு சரியில்லையா? இங்க படம் எடுக்க வேற யாரு இருக்கா? நீங்கதான் எடுத்தீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். 'கவுத்துப் போடுங்க'ன்னீங்க, கவுத்துப் போட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா நான்?"

"சொன்னீங்களே. 'சாஞ்சு நிக்குது, நெழல் ஒரு பக்கமா விழுது'ன்னீங்க. இந்தப் பக்க விளக்கைக் கொஞ்சம் எறக்கினீங்க."

படக்காரர் கணினியில் தேடிப் பார்த்தார். இருந்தது. "மூன்று கால் இருக்கை. செய்தவர் தெரியவில்லை. காலம் தெரியவில்லை. சடங்குகளில் பயன்பட்டிருக்கலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்." விரலால் உருட்டினார். பிறைநிலாப் பள்ளம் ஒரு பக்கமாகப் போய் மறைந்து, மறுபக்கமாகத் திரும்பி வந்தது. மறுபடி உருட்டினார். மறுபடி வந்தது. நிழலைக் கச்சிதமாகச் சரிசெய்திருந்தார். படம் நன்றாக வந்திருந்தது.

சாமான்களுக்கெல்லாம் பொறுப்பான காப்பாட்சியர் அம்மாள் மாடியில் இருந்தார். தூசி ஒத்துக்கொள்ளாது, பாதி நாள் தும்மல்தான். நல்ல மனுஷி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

"மேடம், அந்த மூணு கால் இருக்கை எங்க வீட்டுது."

"அப்படியா? எப்ப குடுத்தீங்க?"

"குடுக்கல மேடம். கொண்டாந்தேன்."

"கொண்டாந்து?"

"படம் எடுத்தேன்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. மேசை மேல வந்துச்சு, எடுத்தேன்."

அந்த அம்மாள் தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுச் சாமானை நீங்களே படம் எடுத்திருக்கீங்க. அப்ப தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல."

"இதை நான் மேல எப்படிச் சொல்றது? எண் விழுந்தது வெளிய போகாது, உங்களுக்கே தெரியும். காவலாளி செருப்புக்கே எவ்வளவு எழுதிப் போட்டேன், வந்துச்சா?"

"அது செருப்பு மேடம். இது..." மகள் என்ற சொல்லை அவர் மழைக்காலத் தொடக்கத்திலிருந்து சொல்லவே இல்லை. இப்போது தேடினால் அகப்படவில்லை.

"படம் வேணும்னா எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க. கேக்கவே வேண்டாம், உலகத்துக்கே திறந்து விட்டாச்சு. முக்காலியத்தான் குடுக்க முடியாது."

"படம் நான் எடுத்ததுதான் மேடம்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது சம்சாரம் முதலில் அவர் கையைப் பார்ப்பாள். கையில் குடையும் டப்பாவும் இருக்கும். "சாமான் வண்டி நெறைய வருது. ரெண்டு நாள் ஆகும்" என்பார். "சரி" என்பாள். பக்கெட்டில் உட்கார்ந்துகொள்வாள்.

இனிதான் நீங்கள் சந்தேகப்படப்போகிற இடம். எங்கோ தூரதேசத்தில் ஒரு பேராசிரியர் அந்த முக்காலியை உருட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு கால் ஏன் குட்டை? அந்தக் காலத்து நீதிபதிகள் வழக்கு நடக்கும்போது தூங்கிவிடாமல் இருக்கத் திட்டம் போட்டுச் செய்த இருக்கை இது என்று பெரிய கட்டுரையாக எழுதிவிட்டார். பிறைநிலாப் பள்ளத்துக்குத் தனி அத்தியாயம். அதைப் படித்துவிட்டு ஒருவர் அதே வடிவத்தில் கம்மல் செய்து விற்றார். ஒரு கணினி விளையாட்டில் எதிரி மேல் எறிகிற ஆயுதமாக அது வந்தது. கடைசியில் ஒரு மரச்சாமான் கம்பெனி படத்தை அப்படியே இறக்கி, மெஷினில் ஏற்றி, ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளியது. மெஷினுக்குக் கோணல், நேர் என்ற பேதம் கிடையாது. குட்டைக் கால், பள்ளம், மரத்தில் இருந்த கறை எல்லாம் அச்சு அசல். அடியில் எண்காரர் எழுதிய எண்ணையும் வேலைப்பாடு என்று நினைத்து அதே எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள்.

சம்சாரத்துக்கு ஒரு தம்பி. கடைகளுக்குச் சாமான் கொண்டுபோய்ப் போடுகிற வேன் ஓட்டுகிறவன். அக்கா வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பதால் மூன்று பேர் பேச்சையும் தானே பேசிவிட்டுப் போவான். ஒரு சாயங்காலம் தலையில் தூறலோடு, கையில் ஓர் அட்டைப் பெட்டியோடு படியேறி வந்தான்.

"அக்கா! பக்கெட்டைக் கவுத்துப் போட்டு ஒக்காந்து பக்கெட்டும் நசுங்கிப்போச்சு, நீயும் நசுங்கிட்ட. இந்தா!"

"என்னடா அது?"

"பிரிச்சுப் பாரு. ஊரே இதைத்தான் வாங்குது. டீக்கடைல இது, முடி வெட்டற கடைல இது, பேங்க்ல இது. ஒக்காந்தா வழுக்கும், அதான் இப்ப ஃபேஷன். டீக்கடைக்காரன் சொல்றான், 'முன்னெல்லாம் ஒரு டீயை வாங்கி வெச்சுட்டு பேப்பர் பூரா படிப்பானுங்க, இப்ப தலைப்புச் செய்தியிலயே வழுக்கி எந்திரிச்சுப் போயிடறானுங்க'ங்கறான். அவனுக்கு ஒரே குஷி."

அவள் பெட்டியைப் பிரித்தாள். வெளியே எடுத்துத் தரையில் நிறுத்தினாள். சாய்ந்து நின்றது.

"எனக்கே எங்கயோ பாத்த மாதிரி இருக்குக்கா. டெய்லி எறக்கறேன்ல, அதனாலயோ என்னவோ" என்றான் தம்பி.

அவள் கட்டைவிரலை இருக்கையின் ஓரமாக ஓட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது சுத்தியல் பட்ட எடம்."

"டிசைன்க்கா. எல்லாத்துலயும் இருக்கு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். அதே எடத்துல. மெஷின்ல வெட்டறாங்கல்ல."

"ஆப்பு அடிக்கறப்ப கை தவறிடுச்சும்மான்னு காட்டினா. நான்தான் வெரல்ல படாம போச்சேன்னு சொன்னேன்."

உட்காரப் போன தம்பி சுவரோரமாக நின்றுகொண்டான்.

படக்காரர் வந்தபோது நடுவீட்டில் முக்காலி நின்றிருந்தது. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, வாசலிலேயே நின்றார். ஒரு நொடி, அவருக்கு எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றிவிட்டது.

"இது எப்படிங்க கடைக்கு வந்துச்சு?" என்றாள் சம்சாரம்.

அவர் சொன்னார். கேமராத் துணியில் சுற்றியது, டப்பா வைத்தது, எண் விழுந்தது, கிடங்குக்குள் போனது, எல்லாம் சொன்னார். அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது.

"நீங்கதான் படம் எடுத்தீங்களா?"

"ஆமா."

"எத்தனை படம்?"

"முழுச் சுத்து."

"கவுத்துப் போட்டு?"

"எடுத்தேன்."

"அப்பவும் தெரியல."

"தெரியல."

தம்பி தொண்டையைச் செருமினான். "அத்தான் பாவம்க்கா, வேலை மும்முரத்துல..."

"நீ சும்மா இருடா" என்றாள். குரலில் கோபமில்லை, கதவைச் சாத்து என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அப்புறம் படக்காரரிடம், "நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் வேனில் மூவரும் போனார்கள். தம்பி கடை முக்காலியைத் தூக்கிக்கொண்டான், "ஆதாரத்துக்கு ஆகும்" என்று. காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் கால் வலிக்கும் என்று கையோடு அந்த முக்காலியைக் கொண்டுவர ஆரம்பித்துப் பல நாள் ஆகியிருந்தது.

காப்பாட்சியர் அம்மாள் கீழே, படம் எடுக்கிற அறைக்கே வந்தார்.

"சொல்லுங்கம்மா."

"என் பொண்ணு செஞ்சது. இவரு எனக்குத் தெரியாம எடுத்துட்டு வந்துட்டாரு. எனக்கு அது வேணும்."

"உங்க கஷ்டம் புரியுது. ஒண்ணு செய்யலாம். பொண்ணையே ஒரு தடவை வரச் சொல்லுங்க. செஞ்சவங்களே வந்து சொன்னா, நான் மேலிடத்துல பேசறதுக்கு ஒரு வழி இருக்கு."

"அவ இல்லைங்க."

"ஊருக்குப் போயிருக்காங்களா? வந்தப்புறம்..."

"இல்லைங்க" என்றாள் மறுபடியும். அதே குரல்.

குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. எண்காரர் கையில் இருந்த தூரிகையைக் கீழே வைத்தார். அந்த அம்மாளுக்குத் தும்மல் வந்த மாதிரி இருந்தது, வரவில்லை. சாமான் தள்ளுகிற வண்டிக்காரனைக் கூப்பிட்டு, கிடங்கிலிருந்து அதைக் கொண்டுவரச் சொன்னார்.

படக்காரர் அந்த நேரத்தில் என்ன செய்தார் தெரியுமா? அறைக்குள் சாமான் வருகிறது என்றால் அவர் கை தானாக விளக்குப் பக்கம் போகும். போனது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்தான். தம்பி கை வலிக்கிறதென்று தான் தூக்கி வந்ததையும் பக்கத்தில் வைத்தான். படக்காரர் திரும்பியபோது சாம்பல் நிறத் தாளின்மேல் இரண்டு முக்காலிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

எண்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் இரண்டின் அடியையும் பார்த்தார். "ரெண்டுலயும் என் கையெழுத்துதான்" என்றார். கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

காப்பாட்சியர் அம்மாள் தாளைப் பார்த்தார், மேலே குழாயைப் பார்த்தார்.

"நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வரப்ப இந்த மேசை மேல ஒரு முக்காலி இருக்கணும். அடில எண் இருக்கணும். எனக்கு அவ்வளவுதான் தெரியணும்." எண்காரரையும் வண்டிக்காரனையும் பார்த்து, "நீங்களும் டீ குடிக்கல?" என்றார். எல்லோரும் போனார்கள்.

தம்பி கையைத் தேய்த்துக்கொண்டான். "எடுத்துக்கோக்கா. சீக்கிரம். ஒனக்குத்தான் தெரியுமே எதுன்னு."

"தெரியும்" என்றாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் எடுக்க மாட்டேன். எடுத்துட்டு வந்தவரு எடுத்துட்டுப் போகட்டும்."

"அக்கா, வெளையாடற நேரமா இது? அத்தான் தப்பா எடுத்துட்டா? அப்புறம் கேட்டா குடுப்பாங்களா? நம்மளே மெஷின்ல வெட்டினதை வீட்ல வெச்சுட்டு, பாப்பா செஞ்சது இங்க கெடங்குல..."

"எடுக்கட்டும்டா."

படக்காரர் மேசை அருகே போனார். இரண்டு பக்கத்து விளக்கும் இரண்டு முக்காலி மீதும் ஒரே மாதிரி விழுந்தது. ஒரு நிழல் கூடவில்லை, குறையவில்லை. அவர் வேலை அப்படி. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் போய் விளக்குகளை அணைத்தார். மேலே தெருத் தரையோடு ஒட்டினாற்போல இருக்கும் சின்ன ஜன்னலிலிருந்து, மழை நாளின் சோகையான பகல் கொஞ்சம் உள்ளே வந்தது. அந்த அறையில் அவர் எந்தப் பொருளையும் அப்படிப் பார்த்ததில்லை.

முட்டி போட்டு உட்கார்ந்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒன்றில் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், மற்றதில் வைத்தார். பள்ளத்துக்குள் சுண்டுவிரலை விட்டார். காலும் இருக்கையும் சேருகிற இடத்தில், ஆப்பு இறங்கியிருக்கும் இடத்தில், கண்ணை வைத்துப் பார்த்தார். மகள் அதைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்த நாளை நினைத்துப் பார்த்தார். அன்றைக்கு முக்காலியைப் பார்த்தோமா என்று யோசித்தார். அவள் கையில் ஒட்டுப்பசை காய்ந்து தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்தது. முக்காலி வரவில்லை. அவளுடைய கைதான் வந்தது.

எவ்வளவு நேரம் ஆனதோ. தம்பி இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சம்சாரம் அசையவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத் துப்புக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அது மடித்து அடுக்கிய விரிப்பு மாதிரி இருந்தது.

படக்காரர் எழுந்தார். ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"போலாம்" என்றார்.

படியில் காப்பாட்சியர் அம்மாள் எதிரே வந்தார்.

"ஒண்ணு இருக்கா?"

"இருக்கு மேடம்."

"எண்?"

"இருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தும்மினார்.

வேனில் சம்சாரம் நடுவில் உட்கார்ந்தாள். முக்காலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் தூறல் விழுவதும், வைப்பர் வழிப்பதும், மறுபடி விழுவதுமாக இருந்தது. டீக்கடையைத் தாண்டும்போது உள்ளே யாரோ வழுக்கி எழுந்திருப்பது தெரிந்தது.

"சரியாத்தான் எடுத்தேனா?" என்றார் படக்காரர்.

அவள் காதில் விழுந்தது. மடியில் முக்காலி வழுக்காமல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நசுங்கின பக்கெட்டை நிமிர்த்திக் குளியலறையில் வைத்தாள். அடுப்படியைக் கூட்டினாள். பழைய இடத்தில் முக்காலியைப் போட்டாள். உட்கார்ந்தாள். கொஞ்சம் வழுக்கினாள், திரும்ப ஏறி உட்கார்ந்தாள். படக்காரர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டேனே, சரியா எடுத்தேனான்னு."

"கெழங்கு தீர்ந்துபோச்சு" என்றாள். "முட்டைதான் இருக்கு. பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

நான் வாயால் சொல்லச் சொல்ல இவ்வளவையும் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவர்களுடைய ஒரே மகள்தான். அவள்தான் இல்லையே என்று உங்களுக்குச் சந்தேகம் தட்டினால், தட்டட்டும்.